அறுபத்தொன்றாம் ஆடு

குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாளில் அந்தப் பண்ணையில் யாரும் பேசிக்கொள்வதில்லை. பேசினாலும் கேட்காது. கொட்டகைக்கு நடுவில் ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் நாற்பத்தைந்து நாள் குட்டிகள், இந்தப் பக்கம் அவற்றின் தாய்கள், அறுபது செம்மறிகள். இரண்டு பக்கமும் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தும். முதல் நாள் முழுக்கக் கத்தும். இரண்டாம் நாள் தொண்டை கட்டிக் கத்தும். மூன்றாம் நாள் காலையில், யாரோ கையைக் காட்டி நிறுத்தியதுபோல, தாய்கள் பக்கம் மட்டும் சத்தம் நின்றுவிடும். சுவருக்கு அப்பால் குட்டிகள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் அறுபது தலைகளும் தீவனத் தொட்டிக்குள் கவிழ்ந்திருக்கும். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது.

அந்த அமைதி வந்த பிறகுதான் பஞ்சக்காவுக்கு வேலை தொடங்கும்.

பஞ்சக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பஞ்சு வேலை பார்ப்பதால் பஞ்சு. பண்ணையில் தன்னைவிடச் சின்னவர்கள் அதிகம் என்பதால் அக்கா. முப்பது வயது. கையை மட்டும் பார்த்தால் ஐம்பது சொல்லலாம். நாள் முழுக்கத் துணி துவைத்தவள் கைபோல விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகூட அந்தச் சுருக்கம் போவதில்லை.

அவள் செய்த வேலை இதுதான். குட்டி முட்டிப் பால் குடிக்கும்வரை தாயின் மூளையில் ஒரு ஹார்மோன் ஊறிக்கொண்டிருக்கும். அது மடியில் பாலைச் சுரக்கவைக்கும், சினைப்பையைத் தூங்கவைக்கும். ஈன்ற உடம்பு தேறிக்கொள்ள இயற்கை விட்டுவைத்த இடைவெளி அது. பண்ணைக்கு அந்த இடைவெளி பொறுக்கவில்லை. ‘இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று’ என்று அலுவலகச் சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். அதனால் குட்டியைப் பிரித்த கையோடு ஒவ்வொரு ஆட்டுக்குள்ளும் கட்டைவிரல் பருமனில் மருந்தில் ஊறிய பஞ்சு ஒன்றை வைப்பார்கள். பதினான்கு நாள் உள்ளே இருந்து அந்தப் பஞ்சு ஆட்டின் உடம்புக்கு ஒரே ஒரு பொய்யைச் சொல்லும்: நீ சினையாக இருக்கிறாய். உடம்பு நம்பிவிடும். பதினைந்தாம் நாள், வெளியே தொங்கும் நூலைப் பிடித்து இழுத்தால் பஞ்சு வந்துவிடும், பொய்யும் கலைந்துவிடும். ஏமாந்த உடம்பு விழித்துக்கொண்டு இரண்டே நாளில் பருவத்துக்கு வரும். அறுபதும் ஒரே நாளில் வரும்.

பஞ்சுகளைப் பண்ணை வெளியில் வாங்குவதில்லை. பஞ்சக்காதான் செய்வாள். கொட்டகைக்குப் பின்னால் மருந்தறை. அதில் ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு முக்காலி. மருந்துப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து எவர்சில்வர் பேசினில் ஊற்றுவாள். வெட்டி வைத்த பஞ்சுகளை அதில் போட்டு வெறுங்கையால் பிசைந்து, பிழிந்து, ஊசியால் நூல் கோத்து, முடிச்சுப் போட்டுத் தட்டில் அடுக்குவாள். நூல்கண்டு அந்த அறையின் பழைய சொத்து. மடித்த தாள் ஒன்றின்மேல் சுற்றியது. நூல் குறையக் குறைய மேலேயே புது நூலைச் சுற்றிவிடுவாள். உள்ளே என்ன தாள் என்று நான்கு வருடத்தில் அவள் பார்த்ததில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவள் கொடுத்துவிட்டுப் போனது. அவளுக்கும் அதற்கு முன்னால் இருந்தவள் கொடுத்ததாம்.

பதினேழாம் நாள் காலையில் கிடாக்காரர், ஏறினாலும் சினை பிடிக்காதபடி விந்து நரம்பு வெட்டிய கிடாவை ஓட்டிக்கொண்டு வருவார். அதன் மார்பில் எண்ணெயில் குழைத்த சிவப்புச் சாயம் பூசியிருக்கும். பருவத்தில் இருக்கும் ஆட்டின்மேல் அது ஏறும், ஏறிய ஆட்டின் முதுகு சிவக்கும். எந்த ஆடு தயார் என்று பார்க்க அவ்வளவு போதும். கிடாவுக்கு அவர் மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்.

“மாப்பிள்ளைக்கு வேலை சுத்தம், பஞ்சு. விளைச்சல்தான் சுத்தமா இல்லை” என்பார். ஒவ்வொரு சுற்றிலும் சொல்வார். ஒவ்வொரு சுற்றிலும் அவரே சிரிப்பார்.

பத்து மணிக்குள் மந்தை முழுக்கச் சிவந்துவிடும். கம்பி வேலிக்கு வெளியே தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நேற்றுவரை வெள்ளையாக மேய்ந்த ஆடுகள் ரத்தம் தெறித்ததுபோல, சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருக்கும். நடுவில் ஒரு பெண் எண்களை எழுதிக்கொண்டிருப்பாள். ‘அவ கை பட்டா போதும், அத்தனையும் ஒரே நாள்ல பருவத்துக்கு வந்துடும்’ என்று பேச்சு கிளம்பியது. தெருவில் கிளம்பிய பேச்சு வீட்டுக்குள் வந்தபோது அதற்கு வால் முளைத்திருந்தது.

பஞ்சக்காவுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். வேலைக்குச் சேர்ந்து நான்கு. சேர்ந்த சில மாதங்களில் மாதவிலக்கு முன்பின்னாக வர ஆரம்பித்தது. போன வருடம் அடியோடு நின்றது. மார்பு கனத்தது, அடிவயிறு உப்பியது. மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டு, நான்கு மாதம் அவளைக் குடம் தூக்க விடவில்லை. ஐந்தாம் மாதம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் ஒன்றுமில்லை. ஆள் குடிவராத அறையைக் காட்டுவதுபோல இருந்தது. அங்கிருந்த டாக்டரம்மா, “மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க, தானா சரியாகும்” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கவில்லை. பஞ்சு பிசைகிறவளிடம் அதைக் கேட்கத் தோன்றாத படிப்பும் ஒரு படிப்பு.

“உள்ள ஒண்ணு இருந்துச்சு. நானே கை வச்சுப் பார்த்தேன், அசைஞ்சுது” என்று மாமியார் எல்லோரிடமும் சொன்னார். “அது எங்க போச்சு? வயித்தைக் கொண்டுபோய் ஆட்டுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறா. அங்க அறுபதும் ஈனுது, இங்க ஒண்ணுக்கு வழியில்லை.”

அதற்குப் பிறகு தெருவில் கர்ப்பிணிகள் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவள் இடுப்பை மாற்றிக்கொண்டாள்.

பஞ்சக்காவின் கணவன் தண்ணீர் லாரி ஓட்டுபவன். தெருக்குழாயடியில் அவன் வாயை அடக்க யாராலும் முடியாது. அம்மா முன்னால் மட்டும் ஊமை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவனை உட்கார வைத்துக்கொண்டே மாமியார் தேதி குறித்தார்.

“அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை, இவனுக்கு ரெண்டாந்தாரமாப் பார்த்து வச்சிருக்கிற பொண்ணு வீட்டுக்குப் போறேன். பேசி முடிச்சுட்டுத்தான் வருவேன்.”

“அத்தை, நான் வேணும்னா இப்படி...”

“வேணும்னு செஞ்சியோ, வேணாம்னு செஞ்சியோ. அதுக்குள்ள உன் உடம்புல ஏதாவது தெரிஞ்சா சொல்லு.”

கணவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். அவளுக்கு முப்பத்தாறு நாள் இருந்தது.

அந்த வாரம் ஐம்பத்தொன்பது ஆடுகள் சிவந்தன. முப்பத்தேழாம் எண் மட்டும் வெள்ளையாகவே நின்றது. மாப்பிள்ளை அதன் பின்னால் போய் மோந்தது. மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தது. பிறகு ஆர்வமில்லாமல் திரும்பிக்கொண்டது. மூன்று தடவை இப்படி ஆயிற்று.

“இதுக்குப் பஞ்சு முன்னாடியே விழுந்திருக்கும். இழுக்கும்போது நூலே இல்லையே” என்றார் கிடாக்காரர். நூல் இல்லையென்றால் பஞ்சு விழுந்துவிட்டது என்பது பண்ணையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்டம். பண்ணையை நடத்தும் கால்நடை மருத்துவர், பெரிய டாக்டரே பதிவேட்டில் அப்படித்தான் எழுதுவார்.

தடுப்புக் கம்பிமேல் கை போட்டு நின்றிருந்தாள் பஞ்சக்கா. மாப்பிள்ளை நேராக அவளிடம் வந்தது. தொங்கிய கையில் ஈர மூக்கை வைத்தது. நெடுநேரம் மோந்தது. மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தது. பிறகு முப்பத்தேழிடமிருந்து திரும்பிய அதே சோம்பலோடு அவளிடமிருந்தும் திரும்பிப் போயிற்று.

கிடாக்காரர் சிரிக்க வாயெடுத்தவர் சிரிக்கவில்லை.

“என்ன அண்ணே?”

“ஒண்ணுமில்லை.”

“சொல்லுங்க.”

“அந்த முக்காலியை மாத்திடு பஞ்சு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உனக்கு முன்னாடி ரெண்டு பேர் அதுல உக்காந்து வேலை பார்த்தாங்க. ரெண்டு பேருக்கும் வயிறு திறக்கலை. முதல்ல இருந்தவளைப் புருஷன் வீட்ல தள்ளியே வச்சுட்டாங்க. அதுல உக்காந்தா அடைச்சுக்கும்னு ஒரு பேச்சு உண்டு.”

“நாலு வருஷமா ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ உக்காருவியா?”

மத்தியானம் மருந்தறைக்குப் போனாள். ஜன்னல் வெயில் முக்காலியின் மேல் சதுரமாக விழுந்திருந்தது. மூன்று பெண்கள் உட்கார்ந்து தேய்ந்து, பலகையின் நடுவில் குழி விழுந்திருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல இருந்தது. தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. வெயில் சூடு என்று தெரிந்தும் கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் முக்காலியில் உட்காரவில்லை. தரையில் சம்மணம் போட்டு, பேசினை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த கொட்டகைக்கான பஞ்சுகளை முழங்கைவரை நனையப் பிசைந்தாள். பேய் முக்காலியில் இல்லை. அதைத்தான் அவள் மடியில் வைத்திருந்தாள்.

முப்பத்தேழு அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அதைக் கட்டிப் பிடிக்கச் சொல்லி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உள்ளே விரலால் துழாவிப் பார்த்தாள். பஞ்சு அங்கேயேதான் இருந்தது. பக்கத்து ஆடு ஏதோ நூலை மட்டும் கடித்துத் தின்றிருக்கிறது. வெளியே அடையாளம் இல்லை. உள்ளே பொய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. கெட்ட வாடையோடு வெளியே வந்த பஞ்சைத் தட்டில் போட்டாள்.

“அட, இது சட்டத்துலயே இல்லையே” என்றார் கிடாக்காரர்.

மூன்றாம் நாள் முப்பத்தேழின் முதுகு சிவந்தது.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த பஞ்சக்கா தண்ணீரை நிறுத்த மறந்து நின்றாள். சினை இல்லாமல் சினை என்று நம்பிய ஆடு. பிள்ளை இல்லாமல் நான்கு மாதம் பிள்ளை என்று நம்பிய வயிறு. ஆட்டுக்கு நூல் இல்லாத பஞ்சு. தனக்கு எது? வெளுத்துச் சுருங்கிய பத்து விரல்களும் தண்ணீருக்கு அடியில் தெரிந்தன. ஈரக் கையைத் துடைக்காமலே லேப் பக்கம் நடந்தாள்.

ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்து, சினைப்பை விழித்ததா தூங்குகிறதா என்று எழுதித் தருபவர் லேப் மேடம். கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். பஞ்சக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“என் ரத்தத்தை உங்க மெஷின்ல போட முடியுமா மேடம்?”

“மெஷினுக்கு ஆடும் ஒண்ணு, ஆளும் ஒண்ணு. ரெண்டு உடம்புலயும் ஓடற ஹார்மோன் ஒரே சரக்குதான். ஆனா நம்பர் கேக்கும்.”

“அறுபதுக்கு அடுத்தது போடுங்க.”

ஊசியை எடுத்தவர் நிறுத்தினார். “அந்த மருந்துக்கு ஒரு விவரத்தாள் இருக்குமே. படிச்சியா?”

“தாள் எதுவும் வராது மேடம். ஸ்டோர்ல பிரிச்சு டப்பாவுல போட்டுத்தான் தருவாங்க.” சொல்லும்போதே அவளுக்கு நூல்கண்டு ஞாபகம் வந்தது.

இருவருமாக உட்கார்ந்து நூலைப் பிரித்தார்கள். மேலே வெள்ளை நூல், அதற்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே தொட்டால் இற்றுப்போகிற பழைய நூல். மேசை முழுக்க நூல் குவிந்தது. கடைசியில் நான்காக மடித்த தாள் வந்தது. எழுத்து பஞ்சக்கா படிக்காத மொழியில் இருந்தது. நடுவில் ஒரு கைப்படம். கையின் குறுக்கே பெருக்கல் குறி.

லேப் மேடம் ஒருமுறை தனக்குள் படித்தார். பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னார். “கருவுறும் வயசுல இருக்கிற பெண்கள் இந்த மருந்தை வெறுங்கையால தொடக் கூடாது. தோல் வழியா உடம்புல ஏறும். மாதச்சுழற்சி நின்னுபோகலாம். கையுறை கட்டாயம்.”

மூன்று பெண்களும் தினமும் கையில் பிடித்துக்கொண்டிருந்த தாள் அது.

அன்றே பஞ்சக்கா இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் தன் நூலாலேயே கட்டிக்கொண்டு பஞ்சு பிசைய ஆரம்பித்தாள். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் கொடுத்தாள். குழாயில் 61 என்று எழுதி ஆடுகளின் குழாய்களோடு நிறுத்தினார் லேப் மேடம். முதல் வாரம் வரைபடத்தில் அவள் கோடு தரையோடு கிடந்தது. இரண்டாம் வாரமும் அப்படியே. சினைப்பை தூங்குகிறது என்று அர்த்தம். முப்பத்தேழின் கோடுகூட ஏறிவிட்டிருந்தது.

மூன்று வாரம் கழிந்த திங்கட்கிழமை பெரிய டாக்டர் தன் அறையில் பட்டியலைப் படித்தார். எதிரே கிடாக்காரர் நின்றிருந்தார், வாசலில் பஞ்சக்கா.

“முப்பத்தேழு தேறிடுச்சு. அறுபத்தொண்ணு... ஆறு சோதனையிலும் ஒண்ணுமில்லை. இது இனிமே ஆகாது. கழிச்சுடுங்க.” சிவப்புப் பென்சிலால் பக்கத்தில் ‘கழிவு’ என்று எழுதினார்.

“சார், நம்மகிட்ட அறுபதுதான்” என்றார் கிடாக்காரர்.

“பட்டியல்ல இருக்கே.”

“கொட்டகையில இல்லையே.”

“போய் எண்ணிட்டு வாங்க.”

கிடாக்காரர் போய் எண்ணினார். அறுபது. காது வில்லைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி எண்ணினார். அறுபது. திரும்பி வந்தபோது அவருக்கு முகம் வெளுத்திருந்தது.

“எனக்கு இது நல்லதாப் படலை சார். ரத்தம் இருக்கு. ஆடு இல்லை. மூணு வாரமா வாரம் ரெண்டு தரம் ரத்தம் குடுத்திருக்கு, கண்ணுக்குத்தான் தெரியலை.”

டாக்டர் தாளைப் புரட்டினார்.  ஜன்னலுக்கு வெளியே ஆடுகள் எல்லாம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன.

“இங்கதான் சார் நிக்குது” என்றாள் பஞ்சக்கா. “நான்தான் அறுபத்தொண்ணு.”

தாளை மேசைமேல் விரித்து வைத்தாள். டாக்டர் அதைப் படிக்கவே இல்லை. கைப்படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். அவருக்கு அது புதிது இல்லை.

“உன்னை யாரு ரத்தம் குடுக்கச் சொன்னது?” இதுதான் அவருடைய முதல் கேள்வி. அடுத்தது, “நாலு வருஷமா இந்த வேலை பார்க்கிறே. ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்ணும் ஆகலைங்கிறதுதான் சார் என் பிரச்சினை.”

கிடாக்காரர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஸ்டோர்ல கையுறை இருக்குமே, கேட்டு வாங்கியிருக்கலாமே.”

“இருக்கு சார். வெளியாள் பார்க்க வரும்போது எடுத்து மாட்டிவிடுவாங்க. போனதும் எண்ணி வாங்கிப் பூட்டிடுவாங்க. நீங்க முழங்கைவரைக்கும் மாட்டிக்கிறீங்களே, எங்களுக்கும் கை இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?”

டாக்டர் பென்சிலைத் திருப்பித் திருப்பி வைத்தார். “சரி. இந்த வரியை அடிச்சுடறேன். விஷயம் வெளியே போக வேண்டாம். உன்னைப் புல் வெட்டற வேலைக்கு மாத்திடறேன்.”

“அந்த முக்காலிக்கு?”

“புதுசா ஒரு பொண்ணு வருது.”

“என்ன வயசு சார்?”

அவர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிவப்புக் கோடு ஒன்றைப் பட்டியலின் குறுக்கே இழுத்தார். அறுபத்தொன்று இல்லாமல் போயிற்று. உலகத்தில் எத்தனையோ அநியாயங்கள் துப்பாக்கியோடு வருவதில்லை. இப்படி ஒரு பென்சிலோடுதான் வருகின்றன.

“கையுறை வர்ற வரைக்கும் அந்த முக்காலியை விட்டு நான் எழுந்திருக்கப் போறதில்லை” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். பட்டியலில் அடித்ததைக் கேள்விப்பட்ட லேப் மேடம், “அடிச்சா அடிக்கட்டும். குழாய் அத்தனையும் ஃப்ரீசர்ல இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

ஆனால் நாள் நிற்கவில்லை. நான்காம் வாரமும் கோடு எழும்பவில்லை. தாளில் எழுதியிருப்பது உண்மை என்றால் மருந்தை நிறுத்திய உடம்பு ஏன் இன்னும் விழிக்கவில்லை? நான்கு வருடப் பொய் அவ்வளவு சீக்கிரம் கலையுமா? ஒருவேளை முக்காலிதானோ என்று ஒரு காலையில் அவளே நினைத்துவிட்டாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டு, வேண்டுமென்றே அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தாள்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. பக்கத்துக் கொட்டகையில் குட்டிகளைப் பிரித்து அன்றைக்கு மூன்றாம் நாள். விடிந்ததிலிருந்து இரண்டு பக்கக் கத்தலும் மருந்தறைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. மாமியார் சாயங்காலம் கிளம்புவார். கைகளில் பைகளைக் கட்டிக்கொண்டு பஞ்சு பிழிந்துகொண்டிருந்தாள் பஞ்சக்கா. சட்டென்று தாய்கள் பக்கம் சத்தம் நின்றது. குட்டிகளின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அந்த அமைதிக்குள், அடிவயிற்றில் யாரோ ஒரு நூலைப் பிடித்து மெதுவாக இழுத்ததுபோல ஒரு வலி. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி இழுத்தது. எழுந்தாள். முக்காலியின் குழியில் நாலணா அளவுக்கு ரத்தம்.

வேறு எவளாவது பார்த்திருந்தால் அலறியிருப்பாள். பஞ்சக்கா மணிக்கட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, முக்காலியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குப் போனபோது மாமியார் கைப்பையோடு வாசலில் நின்றிருந்தார். கணவன் லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அத்தை, எனக்கு வந்துடுச்சு.” தாளைக் காட்டினாள். மருந்தைச் சொன்னாள், கையைச் சொன்னாள், மூன்று பேரையும் சொன்னாள்.

மாமியார் வெகுநேரம் அவள் விரல்களையே பார்த்தார். தன் பேரன் அந்த விரல்கள் வழியாகவா போனான் என்பதுபோலப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார்.

“அப்படின்னா இன்னொரு மூணு மாசம் பார்க்கலாம்.”

அந்தக் குரல் பஞ்சக்காவுக்குத் தெரிந்த குரல். முப்பத்தேழுக்கு இன்னொரு சுற்று கொடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லும் குரல்.

“பார்க்க வேண்டாம் அத்தை. மூணு மாசம் பொறுத்துக் கழிச்சுக் கட்டறதுக்கு நான் இப்போ எந்தப் பட்டியல்லயும் இல்லை. பொண்ணு வீட்டுக்குப் போறதுன்னா போங்க.” கணவன் பக்கம் திரும்பினாள். “நாலு வருஷமா நீங்க வாயைத் திறக்கலை. நாளைக்கு நான் ஒருத்தங்களைப் பார்க்கப் போகணும். லாரியில என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா, உங்க அம்மாவைப் பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போறீங்களா?”

சாவி சுற்றுவது நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“லாரியில பக்கத்து சீட்டு ஒண்ணுதான்மா இருக்கு” என்றான் அம்மாவிடம்.

முதல் பஞ்சுக்காரியின் வீட்டைக் கிடாக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு மணிநேரப் பயணம். கடைசிச் சந்தில் ஓர் அறை, வாசலை ஒட்டித் தையல் மெஷின். நாற்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. பண்ணையின் பேரைக் கேட்டதும் முகம் இறுகியது. ஆனால் போ என்று சொல்லவில்லை. பஞ்சக்கா தரையில் உட்கார்ந்து, முக்காலிக்குப் புதுப் பெண் வரப்போவதைச் சொல்லிவிட்டு, லேப் மேடம் எழுதிக் கொடுத்த தமிழை வாசித்தாள். ‘மாதச்சுழற்சி நின்றுபோகலாம்’ என்ற இடத்தில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

“வந்துச்சு” என்றாள் அவள்.

“என்னக்கா?”

“அங்கிருந்து இங்க வந்த மூணாம் மாசம். மருந்தில்லை, மாயமில்லை, தானா வந்துச்சு. அதுக்கப்புறம் மாசம் தவறலை.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“யார்கிட்ட சொல்ல? அதுக்குள்ள அவருக்கு வேற கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு.” துணியிலிருந்து ஊசியை மேலே தூக்கினாள். “வீட்டை விட்டு வெளியே வந்ததும் வருதேன்னு எனக்கே பயம். அந்த வீட்ல ஏதோ இருந்திருக்குன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன்.”

தாளை வாங்கினாள். படிக்கவில்லை, அவளுக்கும் அந்த மொழி தெரியாது. அவள் விரல்கள் பழைய மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மடித்தன. பாதி, அதில் பாதி, நூல் சுற்ற வாகான பட்டை. பஞ்சக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கே மடிப்பு விழும் என்று அந்த விரல்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“இதை மடிச்சது நான்தான்” என்றாள் முதல் பஞ்சுக்காரி. “முதல் தடவை டப்பாவோட வந்துச்சு. அழகா ஒரு கை வரைஞ்சிருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரலை. நூல் சுத்த ஆகுமேன்னு...”

தையல் மெஷின்மேல் அந்தப் பட்டையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி விரித்து, கைப்படம் மேலே தெரியும்படி வைத்தாள்.

“புதுசா வர்ற பொண்ணு எப்ப வருது?”

“திங்கட்கிழமை.”

“மனு எழுதியிருக்கியா?”

கையுறை கேட்டு எழுதி வைத்திருந்த மனுவைப் பஞ்சக்கா எடுத்துக் கொடுத்தாள். அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அந்த விரல் நுனிகள் மழமழவென்று, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தன. சந்து முனையில் லாரி ஒருமுறை ஹாரன் அடித்தது.

“இருக்கச் சொல்லு” என்று எழுந்து செருப்பைத் தேடினாள் அவள். “எனக்குப் பின்னாடி வந்தவ வீடும் எனக்குத் தெரியும். அவ வீட்டுக்குப் போயிட்டுத் திங்கட்கிழமை மூணு பேருமா அந்த அறை வாசல்ல போய் நிப்போம்.”

“லாரியில சீட்டு ஒண்ணுதான்கா இருக்கு.”

“உன் மடியில உக்காந்துக்கறேன். நட.”